ஒன்றைப் பார்த்து ஒன்று மாறும் டிராப்டவுன்: புதிதாக எழுதுவோருக்கு

நாட்டைத் தேர்ந்தெடுத்ததும் அதன் மாநிலங்கள் அடுத்த பட்டியலில் வந்து நிற்க வேண்டும். மாநிலத்தைத் தேர்ந்ததும் நகரங்கள். கேட்பதற்குச் சின்ன வேலைதான். இருபது வரி ஜாவாஸ்கிரிப்டில் எழுதிவிடலாம், எழுதியவரின் கணினியில் ஒழுங்காக ஓடவும் செய்யும். பிறகு இணைப்பு மெதுவாக உள்ள ஒருவர் ஒரு நாட்டையும் வேறொரு நாட்டின் மாநிலத்தையும் சேர்த்து அனுப்புவார். அது அப்படியே தரவுத்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பல மாதம் கழித்து அறிக்கை எடுக்கும்போதுதான் அது கண்ணில் படும். அப்போது எது சரியான விடை என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரையில் முதல் பட்டியலைத் தாய் என்றும், அதைப் பார்த்து மாறுவதைச் சேய் என்றும் சொல்வோம். மனதில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: தாயில் தெரியும் மதிப்புக்கு உரியதல்லாத ஒரு வரிகூட, ஒரு நொடிகூட, சேயில் தெரியக் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த விதியைக் காப்பாற்றத்தான்.

சர்வரை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டுமா?

முதலில் கணக்குப் போடுங்கள். ஐ.எஸ்.ஓ. 3166 தரத்தில் நாடுகளுக்கான இரண்டெழுத்துக் குறிகள் 249 உள்ளன. ஒரு வரிக்கு 40 பைட் என்றாலும் மொத்தம் 10 கிலோபைட்தான் வரும். இதைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடலாம். தாய்ப் பட்டியலைத் தனிக் கோரிக்கையில் ஏற்றுவது பெரும்பாலும் வீண் வேலை. பக்கம் திறந்த முதல் நொடியிலேயே ஒரு வெற்றுப் பெட்டியைக் காட்டியதுதான் மிச்சம்.

சேய்கள் எல்லாம் சேர்ந்து சில நூறு வரிதான் என்றால் அவற்றையும் ஒரே ஜேசானாக (தரவை எழுத்தாக எழுதி அனுப்பும் வடிவம்) முன்கூட்டியே அனுப்பிவிட்டு, உலாவியிலேயே வடிகட்டிக்கொள்ளுங்கள். காத்திருப்பு இல்லை, பிழைச் செய்தி இல்லை, இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கல்களும் இல்லை. மொத்தம் சில ஆயிரத்தைத் தாண்டும்போது, பட்டியல் அடிக்கடி மாறும்போது, பயனரின் அனுமதியைப் பொறுத்து வரிகள் வேறுபடும்போது, இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் சர்வரைக் கேட்பது பொருந்தும்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஒரே சேய்ப் பட்டியலில் இருநூறு, முந்நூறு வரிக்கு மேல் வந்தால் செலக்ட் பெட்டி (டிராப்டவுனை உருவாக்கும் எச்டிஎம்எல் உறுப்பு) அந்த வேலைக்கு ஏற்ற கருவி அல்ல. கைப்பேசியில் அதை உருட்டிக்கொண்டே போக வேண்டும். தட்டச்சு செய்யச் செய்யத் தேடித் தரும் பெட்டியே அங்கே சரி. அப்படிச் செய்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் கோரிக்கை அனுப்ப வேண்டாம். கடைசி எழுத்து விழுந்து 250 அல்லது 300 மில்லி விநாடி கழிந்தபின் ஒரே ஒரு கோரிக்கை போதும். தட்டச்சுப் பெட்டிக்குப் பரிந்துரைகள் காட்டும் எச்டிஎம்எல் உறுப்பான டேட்டாலிஸ்ட் இதற்குச் சுலபமான மாற்றுபோலத் தோன்றும். ஆனால் பட்டியலில் இல்லாததையும் பயனர் அதில் தட்டச்சு செய்து அனுப்ப முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

தரவு எந்த வடிவில் வர வேண்டும்

சர்வர் தரும் பதில், குறி ஒன்றும் பெயர் ஒன்றுமாக உள்ள பொருள்களின் வரிசையாக இருக்கட்டும். பலர் குறியைச் சாவியாகவும் பெயரை மதிப்பாகவும் வைத்து ஒரே ஜேசான் பொருளாக அனுப்புகிறார்கள். குறிகள் 12, 3, 7 என்று எண்களாக இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் அந்தச் சாவிகளை 3, 7, 12 என்று தானே ஏறுவரிசைப்படுத்திவிடும். சர்வரில் பெயர்வாரியாக அடுக்கி அனுப்பியதெல்லாம் பாழாகும். சர்வரின் பதிவேட்டில் வரிசை சரியாகவே தெரிவதால், இந்தப் பிழையைத் தேடிப் பலர் ஒரு நாளையே தொலைத்துவிடுவார்கள்.

குறிகளை எப்போதும் எழுத்துச் சரமாகவே வையுங்கள். செலக்ட் பெட்டியின் மதிப்பு எப்படியும் சரமாகத்தான் வரும். சர்வரிலிருந்து 7 என்ற எண் வந்து, பெட்டியிலிருந்து "7" என்ற சரம் வந்தால், மூன்று சமக்குறி இட்ட ஒப்பீடு பொய் என்றே சொல்லும். "01" போன்ற குறி எண்ணாக மாறினால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் போய்விடும். "0" என்ற குறியையே வைக்காமல் இருப்பது நல்லது. ஜாவாஸ்கிரிப்டில் "0" என்ற சரம் மெய், பிஎச்பியில் அதே சரம் பொய். "ஏதாவது தேர்ந்தெடுத்தாரா?" என்ற ஒரே கேள்விக்கு உலாவியும் சர்வரும் வேறு வேறு பதில் சொல்லும்.

நாட்டுக் குறிகளில் இரண்டு கண்ணிகள் உண்டு. நார்வேயின் குறி என்.ஓ.; யாமல் என்ற அமைப்புக் கோப்பு வடிவத்தை அதன் 1.1 பதிப்பின் முறைப்படி படிக்கும் கருவிகள் மேற்கோள்குறி இல்லாத அந்த இரண்டெழுத்தை "இல்லை" என்று எடுத்துக்கொண்டு பொய் என்ற மதிப்பாக்கிவிடும். நமீபியாவின் குறி என்.ஏ.; பைத்தான் மொழியின் தரவு நூலகமான பாண்டாஸ் கோப்பைப் படிக்கும்போது, வேறு எதுவும் சொல்லாவிட்டால், அதை "தரவு இல்லை" என்று வெற்றாக்கிவிடும். இறக்குமதி முடிந்ததும் இந்த இரண்டு நாடுகளும் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்துவிடுங்கள்.

பெயர்களைத் தமிழில் காட்டினால் வரிசைப்படுத்துவதில் தனிக் கவனம் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான வரிசை யூனிகோடு எண்களைத்தான் பார்க்கும். அந்த எண்வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்னால் வரும், றகரம் லகரத்துக்கு முன்னால் வரும், வகரமோ ளகர ழகரங்களுக்குப் பின்னால் போய் நிற்கும். அகராதி வரிசையில் தேடிப் பழகிய கண்ணுக்கு அது குழப்பம். இன்டெல் தொகுதியில் உள்ள கொலேட்டர் கருவிக்குத் தமிழின் மொழிக் குறியைக் கொடுத்து அடுக்கச் சொன்னால் வரிசை சரியாகும். இங்கே இன்டெல் என்பது ஜாவாஸ்கிரிப்டின் பன்மொழி வசதித் தொகுதியின் பெயர், சில்லு செய்யும் நிறுவனம் அல்ல. ஒன்று சர்வரில் அடுக்குங்கள், இல்லையென்றால் உலாவியில் அடுக்குங்கள். இரண்டு இடத்திலும் வேண்டாம்.

எச்டிஎம்எல்: காலியான முதல் வரி

இரண்டு செலக்ட் பெட்டிக்கும் முதல் வரியாக, மதிப்பு வெற்றுச் சரமாக உள்ள ஒரு ஆப்ஷனை வையுங்கள். தாயில் "நாட்டைத் தேர்ந்தெடுங்கள்", சேயில் "முதலில் நாட்டைத் தேர்ந்தெடுங்கள்" என்பது எழுத்து. பெட்டிகளுக்கு, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சொல்லும் ரிக்வயர்ட் பண்பைக் கொடுத்தால், இந்த வெற்று வரியிலேயே நின்றபடி படிவத்தை அனுப்ப உலாவி விடாது. வெற்று மதிப்புக்குப் பதிலாக "-1" அல்லது "தேர்க" என்று எழுதினால் அதுவும் ஒரு விடையாகக் கணக்காகி, காவல் போய்விடும்.

சேய்ப் பெட்டியை டிசேபிள் செய்து, அதாவது முடக்கி, வைப்பதா வேண்டாமா என்பதில் நிதானமாக முடிவெடுங்கள். பல பயிற்சிப் பாடங்கள் அதைத்தான் சொல்லித்தருகின்றன. ஆனால் அதற்கு மூன்று விளைவுகள் உண்டு. டிசேபிள் ஆன பெட்டியின் மதிப்பு படிவத்தோடு அனுப்பப்படவே மாட்டாது. ரிக்வயர்ட் சோதனையும் அதற்குப் பொருந்தாது. ஆகவே பட்டியல் ஏறிக்கொண்டிருக்கும்போது அனுப்பு பொத்தானை அழுத்தினால் மாநிலமே இல்லாத படிவம் சத்தமில்லாமல் போய்ச் சேரும். மூன்றாவது, விசைப்பலகையில் வேலை செய்பவர் நாட்டைத் தேர்ந்து உடனே டேப் விசையை அழுத்துவார். அந்த நொடியில் சேய் டிசேபிள் ஆகியிருந்தால் கவனம் அதைத் தாண்டி அடுத்த பெட்டிக்கு ஓடிவிடும்.

அதனால் சேயைத் திறந்தே விடுங்கள். ஏற்றும்போது அதற்குள் "ஏற்றப்படுகிறது…" என்ற, மதிப்பு வெற்றான ஒரே ஒரு வரி இருக்கட்டும். தேர்ந்தெடுக்க வேறு எதுவும் இல்லை, ரிக்வயர்ட் காவலும் கெடவில்லை, டேப் விசையும் சரியான இடத்தில் நிற்கிறது.

ஏற்றும் வேலை, வரிசையாக

பயனர் தாயின் மதிப்பை மாற்றியதும் எழும் சேஞ்ச் நிகழ்வில் கீழ்க்கண்டவை இதே வரிசையில் நடக்க வேண்டும்.

1. தாயின் மதிப்பை ஒரு மாறியில் எடுத்துவையுங்கள். அதன் பெயர் "கேட்டது" என்று கொள்வோம்.

2. சேயை உடனே காலி செய்யுங்கள். பதில் வந்தபின் அல்ல, இப்போதே. சேய்க்குக் கீழே நகரப் பட்டியல் இருந்தால் அதையும் சேர்த்துத்தான். முதல் விதி அதிகமாக உடைவது இந்தப் படியில்தான். புதிய பட்டியல் வரும்வரை பழையதே இருக்கட்டும் என்று விட்டால், அந்த இடைவெளியில் பயனர் பழைய நாட்டின் மாநிலத்தைத் தேர்ந்துவிடுவார்.

3. கேட்டது வெற்று என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். வெற்றுக் குறியோடு சர்வரைக் கேட்டால், நிரல் எழுதிய விதத்தைப் பொறுத்து அது உலகத்தின் எல்லா மாநிலங்களையும் கொட்டிவிடக்கூடும்.

4. சேயில் "ஏற்றப்படுகிறது…" வரியை இடுங்கள்.

5. சர்வரைக் கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியான ஃபெட்ச் மூலம் கெட் கோரிக்கை அனுப்புங்கள். இது படிக்கும் வேலை மட்டும்தான், போஸ்ட் தேவையில்லை. கெட் என்றால் உலாவி பதிலைத் தற்காலிகமாகச் சேமித்துக்கொள்ளவும் முடியும். முகவரியில் மதிப்பை வெறும் கூட்டல்குறியால் ஒட்டாமல் யூஆர்எல்சர்ச்பேரம்ஸ் கொண்டு சேருங்கள். மதிப்பில் இடைவெளியோ அம்பர்சண்ட் குறியோ இருந்தாலும் முகவரி உடையாது.

6. பதில் வந்ததும் ரெஸ்பான்ஸின் ஓகே பண்பைப் பாருங்கள். புதிதாக வருவோர் பெரும்பாலும் இதைத் தவற விடுகிறார்கள். சர்வர் 404 என்றோ 500 என்றோ சொன்னாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. இணைப்பு அறுவதுபோல் பதிலே வராமல் போனால்தான் அது பிழைகளைப் பிடிக்கும் கேட்ச் பகுதிக்குப் போகும்.

7. தாயின் இப்போதைய மதிப்பும் "கேட்டது" மாறியும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் வந்த பதிலைத் தூக்கிப் போடுங்கள்.

8. வரிகளைக் கட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஆப்ஷன் பொருளாக உருவாக்கி ஒரு வரிசையில் சேர்த்து, ரீப்ளேஸ்சில்ட்ரன் மூலம் ஒரே வீச்சில் சேய்க்குள் வையுங்கள். முதல் வெற்று வரியையும் மறக்காமல் சேருங்கள். இப்போது அதன் எழுத்து "மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள்".

9. சேயின் மேல் ஒரு டேட்டா பண்பில், இந்தப் பட்டியல் எந்த நாட்டுக்குரியது என்று "கேட்டது" மதிப்பை எழுதிவையுங்கள். இரண்டாம் படியில் காலி செய்யும்போது இந்தக் குறிப்பையும் அழிக்க வேண்டும். கீழே பல இடங்களில் இது கைகொடுக்கும்.

எட்டாம் படியில் இன்னர்எச்டிஎம்எல்லோடு சரங்களை ஒட்டிக்கொண்டே போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சுற்றின் ஒவ்வொரு முறையும் உலாவி முழுப் பட்டியலையும் மறுபடி படித்துக் கட்ட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், பெயருக்குள் யாராவது எச்டிஎம்எல் துண்டைச் செருகியிருந்தால் அதுவும் பக்கத்தின் பகுதியாக எடுத்துக்கொள்ளப்பட்டு ஆபத்தாகலாம். ஆப்ஷன் பொருளுக்குக் கொடுக்கும் பெயர் வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளப்படுவதால் அந்த ஆபத்து இல்லை. ரீப்ளேஸ்சில்ட்ரன் 2020 முதல் எல்லாப் பெரிய உலாவிகளிலும் இருக்கிறது.

ஆறாம் படி தாண்டியும் ஒரு பிழை வரும். ஜேசானைப் பிரிக்கும்போது "எதிர்பாராத குறி" என்று சொல்லி, சிறியது என்னும் கணிதக் குறியைக் காட்டும். பெரும்பாலும் காரணம் இதுதான்: பயனரின் உள்நுழைவு காலாவதியாகி, சர்வர் கோரிக்கையை உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது, ஃபெட்ச் அந்தத் திருப்பத்தைப் பின்தொடர்ந்து போய் 200 என்ற நல்ல பதிலோடு ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை வாங்கி வந்திருக்கிறது. இதற்குத் தீர்வு சர்வரில்தான் இருக்கிறது. ஜேசான் கேட்கும் முகவரிகளில் திருப்பிவிடாமல் 401 என்று பதில் சொல்லச் செய்யுங்கள்.

கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து சோதித்தால் பெரும்பாலும் கோரிக்கை தடுக்கப்படும். பக்கம் ஒரு போர்ட் எண்ணிலும் சர்வர் வேறொரு போர்ட் எண்ணிலும் இருந்தால், உலாவியின் கணக்கில் அவை வேறு வேறு தளங்கள். இரண்டையும் ஒரே முகவரியிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

முந்திக்கொண்டு வரும் பதில்கள்

ஏழாம் படி ஏன் என்று பார்ப்போம். பயனர் முதலில் பிரேசிலைத் தொடுகிறார், உடனே மனம் மாறி ஜப்பானுக்குப் போகிறார். இரண்டு கோரிக்கைகள் புறப்பட்டுவிட்டன. புறப்பட்ட வரிசையில்தான் திரும்பி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஜப்பானின் பதில் முதலில் வந்து, பிரேசிலின் பதில் பிந்தி வந்தால், கடைசியில் வந்ததே பட்டியலில் நிற்கும். தாயில் ஜப்பான், சேயில் பிரேசிலின் மாநிலங்கள்.

இது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். விண்டோஸில் மூடிய செலக்ட் பெட்டியில் கீழ் அம்புக்குறி விசையை அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மதிப்பு மாறி சேஞ்ச் நிகழ்வும் எழும். பத்து நாடு தள்ளிப் போக நினைப்பவர் பத்துக் கோரிக்கைகளை ஒரு விநாடிக்குள் அனுப்பிவிடுவார். சுட்டியால் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது.

மதிப்பை ஒப்பிட்டுப் பழைய பதிலை விலக்கினாலே பிழை தீரும். அதோடு அபார்ட்கன்ட்ரோலரையும் சேர்த்தால் பழைய கோரிக்கை பாதியிலேயே ரத்தாகும். புதிய கோரிக்கைக்கு முன் பழைய கன்ட்ரோலரின் அபார்ட்டைக் கூப்பிடுங்கள், புதிதாக ஒன்றை உருவாக்கி அதன் சிக்னலை ஃபெட்ச்சுக்குக் கொடுங்கள். ரத்தான கோரிக்கை கேட்ச் பகுதிக்கு அபார்ட்எரர் என்ற பெயரோடு வரும். அது பிழை அல்ல, நீங்களே செய்தது. அதற்குச் சிவப்பு எழுத்துச் செய்தி காட்டாமல் அமைதியாகத் திரும்பிவிடுங்கள்.

அனுபவமுள்ளவர்களும் விழும் குழி ஒன்று இங்கே உண்டு. "ஏற்றப்படுகிறது" என்ற நிலையை, வெற்றியோ தோல்வியோ கடைசியில் ஓடும் ஃபைனலி பகுதியில் நீக்குவது வழக்கம். ரத்தான பழைய கோரிக்கையின் ஃபைனலியும் ஓடும். புதிய கோரிக்கை இன்னும் வழியில் இருக்கும்போதே பழையது வந்து நிலையை நீக்கிவிட்டுப் போய்விடும். ஆகவே ஃபைனலியிலும் "நான்தான் கடைசிக் கோரிக்கையா?" என்று சரிபார்த்தபின்பே திரையைத் தொட வேண்டும்.

ஃபெட்ச்சுக்குத் தனியாகக் காலவரம்பு கொடுக்கும் அமைப்பு கிடையாது. அபார்ட்சிக்னலின் டைம்அவுட் வசதியில் 8000 மில்லி விநாடி என்று வைத்தால் எட்டு விநாடியில் டைம்அவுட்எரர் வரும். இதை மட்டும் உண்மையான தோல்வியாக எடுத்துப் பயனருக்குச் சொல்ல வேண்டும்.

ஒரே நாட்டைத் திரும்பத் தொட்டால் மறுபடி சர்வருக்குப் போக வேண்டாம். குறியைச் சாவியாக்கி ஒரு மேப்பில் பதிலைச் சேமியுங்கள். நல்ல பதிலை மட்டும் சேமியுங்கள். பிழையையும் சேமித்துவிட்டால் பக்கத்தைப் புதுப்பிக்கும்வரை அந்த நாடு வேலை செய்யாது.

பதில் காலியாக வந்தால்

காலியான பட்டியலும் தோல்வியும் ஒன்றல்ல. திரையிலும் வேறாகத் தெரிய வேண்டும்.

சர்வர் 200 என்று சொல்லி வெற்று வரிசையைத் தந்தால் அந்த நாட்டுக்கு மாநிலப் பிரிவு இல்லை என்று பொருள். அப்போது சேய்ப் பெட்டியை மறைத்து, ரிக்வயர்ட் பண்பையும் எடுத்துவிடுங்கள். பண்பை எடுக்காமல் மறைத்தால் உலாவி கண்ணுக்குத் தெரியாத பெட்டியை நிரப்பச் சொல்லிப் படிவத்தை நிறுத்திவைக்கும். அனுப்பு பொத்தான் செத்துப்போனதுபோல் பயனருக்குத் தெரியும். அடுத்த நாட்டுக்கு மாறும்போது பெட்டியையும் பண்பையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

தோல்வி என்றால் "மாநிலங்களை ஏற்ற முடியவில்லை" என்ற வரியோடு பெட்டிக்குப் பக்கத்தில் "மீண்டும் முயல்க" பொத்தான் ஒன்றை வையுங்கள். அது இல்லாவிட்டால் பயனர் பக்கத்தையே புதுப்பிப்பார், நிரப்பிய மற்ற எல்லாப் பெட்டிகளும் காலியாகும். தானாக மூன்று முறை முயலும்படி எழுதுவதைவிட, ஒரு முறை தானாகவும் பிறகு பொத்தானாலும் முயல்வது நல்லது. தடுமாறிக்கொண்டிருக்கும் சர்வரை எல்லா உலாவிகளும் சேர்ந்து தட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

சேமித்த பதிவைத் திருத்தும்போது

புதுப் பதிவில் நன்றாக ஓடும் படிவம், பழைய பதிவைத் திருத்தத் திறந்தால் மாநிலத்தை இழந்து நிற்கும். இரண்டு காரணங்கள்.

முதலாவது, ஸ்கிரிப்டில் தாயின் மதிப்பை மாற்றினால் சேஞ்ச் நிகழ்வு எழாது. பயனர் கையால் மாற்றினால்தான் எழும். நாட்டை நிரப்பிவிட்டு மாநிலங்கள் தானே வரும் என்று காத்திருந்தால் வராது. ஏற்றும் வேலையைத் தனிச் செயற்கூறாக எழுதி, நிகழ்விலிருந்தும் திருத்தும் இடத்திலிருந்தும் அதையே கூப்பிடுங்கள். பட்டியலில் ஒரே வரி வந்தால் அதைத் தானே தேர்ந்துகொள்ளச் செய்யும்போதும் இதே கதைதான். அடுத்த நிலையை நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது, பட்டியல் வருவதற்கு முன்பே சேயின் மதிப்பை வைப்பது. இல்லாத மதிப்பை ஒரு செலக்ட் பெட்டிக்குக் கொடுத்தால் அது புகார் சொல்லாது. தேர்ந்தெடுத்த வரியின் எண் -1 ஆகி, பெட்டி வெறுமையாக நிற்கும். ஆகவே ஏற்றும் செயற்கூறு முடியும்வரை அவெய்ட் கொண்டு காத்திருந்து, அதன்பிறகே மதிப்பை வையுங்கள். மூன்று நிலை என்றால் நாடு, காத்திருப்பு, மாநிலம், காத்திருப்பு, நகரம் என்ற வரிசை. அரை விநாடி டைமர் வைத்துச் சமாளிக்கும் வழி பரவலாக இருக்கிறது. அது வேகமான இணைப்பில் மட்டுமே வேலை செய்யும், ஆகவே அதைத் தீர்வாகக் கொள்ள வேண்டாம்.

இன்னும் நல்ல வழி, திருத்தும் பக்கத்தைச் சர்வரே மூன்று பட்டியலையும் நிரப்பி, சரியான வரியில் செலக்டட் பண்போடு அனுப்புவது. அப்போது பக்கம் திறக்கும்போது ஒரு கோரிக்கையும் தேவையில்லை. சேயின் மேல் எழுதும் "யாருக்குரியது" குறிப்பையும் சர்வரே எழுதி அனுப்பட்டும்.

சேமித்த மாநிலம் இன்றைய பட்டியலில் இல்லாமலும் போகலாம். பெயர் மாறியிருக்கும், பிரிக்கப்பட்டிருக்கும், நீக்கப்பட்டிருக்கும். அப்போது அந்தப் பழைய மதிப்பை "இப்போது வழக்கில் இல்லை" என்ற குறிப்போடு தனி வரியாகச் சேர்த்துக் காட்டுங்கள். சும்மா விட்டால், தொலைபேசி எண்ணை மட்டும் திருத்த வந்தவர் சேமி என்று அழுத்தியதும் மாநிலம் அழிந்துபோகும்.

பின்செல் பொத்தான்

படிவத்தை அனுப்பிவிட்டுப் பின்செல் பொத்தானால் திரும்பினால், உலாவி தாயில் பழைய தேர்வைத் திரும்ப வைக்க முயலும். சேயின் வரிகளோ ஸ்கிரிப்டால் உருவானவை. பக்கம் புதிதாகக் கட்டப்படும்போது அவை அங்கே இல்லை. விளைவு, தாயில் ஜப்பான், சேயில் "முதலில் நாட்டைத் தேர்ந்தெடுங்கள்". ஜப்பானை மறுபடி தொட்டாலும் மதிப்பு மாறாததால் சேஞ்ச் எழாது. பயனர் வேறொரு நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் வழி பிறக்கும். ஃபயர்ஃபாக்ஸ் சாதாரணப் புதுப்பிப்பிலும் மதிப்புகளைத் தக்கவைப்பதால் அங்கே இது அடிக்கடி தெரியும்.

தீர்வுக்கு, பக்கம் திரைக்கு வரும்போதெல்லாம் எழும் பேஜ்ஷோ நிகழ்வில் ஒரு சிறு சோதனை போதும். தாயின் மதிப்பும் சேயின் மேல் எழுதிய குறிப்பும் ஒன்றா? ஒன்றில்லை என்றால் ஏற்றும் செயற்கூறைக் கூப்பிடுங்கள். படிவத்தை அனுப்பும் நொடியிலும் இதே சோதனையை வையுங்கள்.

சர்வர் நம்பக் கூடாது

உலாவியில் எத்தனை காவல் போட்டாலும் கோரிக்கையைக் கையால் எழுதி அனுப்ப யாராலும் முடியும். படிவம் வந்து சேர்ந்ததும், இந்த மாநிலம் இந்த நாட்டுக்குரியதுதானா என்று சர்வர் தரவுத்தளத்தைக் கேட்டே தீர வேண்டும். இரண்டும் தனித்தனியாகச் சரியான குறிகளா என்று பார்ப்பது போதாது, ஜோடி சரியா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அட்டவணையிலேயே இரண்டு பத்திகளையும் சேர்த்து ஒரே அயல் சாவியாக (வேறொரு அட்டவணையில் உள்ள மதிப்பை மட்டுமே ஏற்கும் கட்டுப்பாடு) வையுங்கள். நிரலில் யாராவது சோதனையை மறந்தாலும் தரவுத்தளம் தடுத்துவிடும். பயனரின் அனுமதியைப் பொறுத்து மாறும் பட்டியல் என்றால், பட்டியல் தரும் முகவரியிலும் அந்த அனுமதியைச் சோதியுங்கள்.

திரை பார்க்காமல் பயன்படுத்துவோருக்கு

பட்டியல் மாறியதைக் கண்ணால் பார்ப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்குச் சொன்னால்தான் தெரியும். பக்கம் திறக்கும்போதே ஒரு வெற்றுப் பகுதியை வைத்து அதற்கு ஏரியா-லைவ் பண்பைப் பொலைட் என்று கொடுங்கள். பட்டியல் வந்ததும் "47 மாநிலங்கள் வந்துள்ளன" போன்ற ஒரு வரியை அதில் எழுதுங்கள். அந்தப் பகுதியையே செய்தியோடு சேர்த்துப் புதிதாக உருவாக்கினால் பல திரைவாசிப்பான்கள் அதைப் படிக்காமல் விட்டுவிடும்.

பட்டியல் வந்ததும் கவனத்தைத் தானாகச் சேய்க்குத் தள்ள வேண்டாம். அம்புக்குறி விசையால் நாடுகளைப் பார்த்துக்கொண்டே போகிறவரின் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்குவதாகிவிடும்.

வரிசைகள் சேர்ந்துகொண்டே போகும் படிவம், நூலகங்கள்

"இன்னொரு முகவரி சேர்" என்று அழுத்தினால் புது ஜோடி வரும் படிவங்களில், குளோன்நோடு மூலம் நகல் எடுத்தால் ஆட்ஈவென்ட்லிசனரால் இணைத்த நிகழ்வுகள் நகலாகாது. ஐடி பண்புகளோ நகலாகி இரட்டிப்பாகும். படிவத்தின் மேல் ஒரே ஒரு சேஞ்ச் கவனிப்பானை வைத்து, நிகழ்வு எழுந்த பெட்டியிலிருந்து அதன் வரிசையைத் தேடி, அந்த வரிசைக்குள் உள்ள சேயை எடுத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரும் வரிசைக்கு ஒன்றாக இருக்க வேண்டும். எல்லா வரிசைக்கும் பொதுவான ஒன்றை வைத்தால், இரண்டாம் வரிசையைத் தொட்டதும் முதல் வரிசையின் கோரிக்கை ரத்தாகும்.

செலக்ட் பெட்டிக்கு வேறு தோற்றம் தரும் செலக்ட்2 போன்ற, ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் மேல் கட்டிய நூலகங்கள் சேஞ்ச் நிகழ்வை ஜேகுவெரி வழியாக எழுப்புகின்றன. ஆட்ஈவென்ட்லிசனரால் இணைத்த உங்கள் செயற்கூறுக்கு அது கேட்காது. அங்கே ஜேகுவெரியின் ஆன் மூலமே இணைக்க வேண்டும். ஸ்கிரிப்டால் மதிப்பை மாற்றியபின் ஜேகுவெரி வழியாகச் சேஞ்சை எழுப்பாவிட்டால், உள்ளே மதிப்பு மாறியிருந்தும் திரையில் பழைய பெயரே தெரியும்.

சோதனை

சொந்தக் கணினியில் சர்வர் 5 மில்லி விநாடியில் பதில் தரும். எந்தப் பிழையும் தெரியாது. பிழையை வலிய வரவழைக்க வேண்டும்.

சோதனைச் சர்வரில், ஒரு குறிப்பிட்ட நாட்டுக்கு மட்டும் மூன்று விநாடி தாமதம் வையுங்கள். முதலில் அதைத் தேர்ந்து, உடனே வேறொரு நாட்டுக்கு மாறுங்கள். மூன்று விநாடி கழித்துச் சேய் மாறினால் ஏழாம் படி வேலை செய்யவில்லை. அதே தாமதத்தின் நடுவில் அனுப்பு பொத்தானை அழுத்துங்கள். உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் இணைப்பைத் துண்டித்துவிட்டு நாட்டை மாற்றுங்கள், பிறகு இணைத்து "மீண்டும் முயல்க" அழுத்துங்கள். வெறும் விசைப்பலகையால் ஒரு முறை முழுப் படிவத்தையும் நிரப்புங்கள். அனுப்பிவிட்டுப் பின்செல் பொத்தானால் திரும்புங்கள். மாநிலமே இல்லாத ஒரு நாட்டைத் தேர்ந்து அனுப்பிப் பாருங்கள். கடைசியாக, டெவலப்பர் கருவியில் சேயின் ஒரு வரியின் மதிப்பை வேறு நாட்டின் மாநிலக் குறியாக மாற்றி அனுப்புங்கள். சர்வர் மறுக்க வேண்டும்.

தானியங்கிச் சோதனை எழுதுவோர் "இரண்டு விநாடி காத்திரு" என்று எழுத வேண்டாம். சர்வர் மெதுவாக உள்ள நாளில் அது விழும், வேகமாக உள்ள நாளில் நேரத்தைத் தின்னும். வரிகளின் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் ஆகும்வரை காத்திருப்பது அதைவிட மேல். ஆனால் முந்தைய நாட்டின் வரிகளைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு. சேயின் மேல் எழுதிய குறிப்பு, தேர்ந்த நாட்டின் குறியாக மாறும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.